மதுரையில இருந்து எலக்ட்ரிக் லாரி ஓட்டலாமா? வாங்குறதுக்கு முன்னாடி ரூட்டை எடை போடுறது எப்படி

எங்க குடும்பத்துல ரெண்டு தலைமுறையா லாரி தான். தாத்தா காலத்துல கீழமாசி வீதிக்கு சரக்கு இறக்குன வண்டியில ஆரம்பிச்சு இப்ப தூத்துக்குடி துறைமுகத்துக்கு கண்டெய்னர் அடிக்கிற டிரெய்லர் வரைக்கும் வந்திருக்கோம். கடந்த ஒரு வருஷமா பார்க்குற ஓனருங்க எல்லாம் ஒரே கேள்வி தான் கேக்குறாங்க, "என்ன மாப்ள, எலக்ட்ரிக் டிரெய்லர் எடுக்கலாமா, நம்ம லைனுக்கு தாங்குமா?" நானும் டெமோ வண்டியில டிரைவர் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன், பைனான்ஸ்காரங்க கிட்ட பேசியிருக்கேன், ஈபி ஆபீஸ் படி ஏறியிருக்கேன், அதுல தெரிஞ்சதை வச்சு இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணை மனசுல ஏத்திக்கோங்க. டீசல் வண்டி வாங்கும்போது நாம வண்டியை மட்டும் பார்த்து வாங்குறோம், ஏன்னா எந்த ஊருக்கு லோடு கிடைச்சாலும் போயிரும், வழியெல்லாம் பங்க் இருக்கு. எலக்ட்ரிக் வண்டியில அப்படி இல்ல, அதுல நீங்க வாங்குறது ஒரு ரூட்டை. ரூட்டு சரியா அமைஞ்சா அந்த வண்டி மாதிரி சம்பாதிச்சு குடுக்குற வண்டி வேற இல்ல, ரூட்டு தப்பா போச்சுன்னா டியூ கட்டவே உயிர் போயிரும். அதனால ஷோரூம் பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுங்க.

அந்த நோட்டுல கடைசி மூணு மாச டிரிப் எல்லாத்தையும் எழுதுங்க. எங்க ஏத்துனோம், எங்க இறக்குனோம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன், திரும்பி வரும்போது ரிட்டர்ன் லோடா காலியா, லோடு ஏத்த எத்தனை மணி நேரம் நின்னோம், இறக்க எவ்வளவு நேரம் நின்னோம். இந்த நிக்கிற நேரத்தை நம்ம ஆளுங்க யாரும் எழுதுறதே இல்ல, ஆனா எலக்ட்ரிக் வண்டிக்கு உயிரே அதுல தான் இருக்கு, ஏன்னா அந்த நேரத்துல தான் சார்ஜ் ஏறணும். எழுதி முடிச்சதும் பாருங்க, ஒரே ரெண்டு எடத்துக்கு நடுவுல வாரத்துல அஞ்சு நாளாவது போற வண்டி உங்ககிட்ட ஒண்ணாவது இருக்கா? இருந்தா மேல படிங்க. ஒரு நாள் பெங்களூரு, மறுநாள் கொச்சி, அதுக்கு மறுநாள் விஜயவாடான்னு புக்கிங் ஆபீஸ் சொல்ற பக்கம் ஓடுற வண்டின்னா இப்போதைக்கு டீசல்லயே இருங்க, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

அடுத்து ரேஞ்ச் கணக்கு, அதாவது ஒரு தடவை ஃபுல் சார்ஜ் பண்ணுனா எவ்வளவு தூரம் போகும்னு. ரொம்ப லேசு தான், யூனிட் கணக்கு. வீட்டுக்கு வர்ற கரண்ட் பில்லுல இருக்குற அதே யூனிட் தான் பேட்டரியிலயும். இப்ப மார்க்கெட்ல இருக்குற 55 டன் டிராக்டர் (டிரெய்லரை இழுக்குற ஹெட்) ஒண்ணை எடுத்துக்குவோம், முருகப்பா குரூப்போட மோன்ட்ரா ரைனோ 5538, அதுல 282 யூனிட் பேட்டரி, கம்பெனி சொல்ற ரேஞ்ச் 198 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்க, கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் சுமாரா வரும். ஃபுல் லோடுல நெஜமா ஓடும்போது 1.4ல இருந்து 1.5 வரை வச்சுக்கோங்க, காலி வண்டின்னா 0.8, 0.9 போதும். அப்புறம் பேட்டரியை அடியோட காலி பண்ணக் கூடாது, கடைசி 20 சதவீதத்தை தொடாம இருக்குற மாதிரி தான் பிளான் பண்ணணும், டோல்கேட் கியூ, டைவர்ஷன், மழைன்னு எது வந்தாலும் அந்த 20 தான் காப்பாத்தும்.

இதை நம்ம தூத்துக்குடி ரூட்டுல போட்டுப் பார்ப்போம். மதுரையில இருந்து எலியார்பத்தி டோல், காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியா துறைமுகம் வரைக்கும் சுமாரா 140 கிலோமீட்டர், நாலு வழிச்சாலை, பெரிய ஏத்தம் எதுவும் கிடையாது. ஃபுல் லோடுல போனா 140ஐ 1.45ஆல பெருக்குங்க, 203 யூனிட். 282ல 203 போனா மிச்சம் 79, அதாவது 28 சதவீதம். தைரியமா போய் சேந்துரலாம். திரும்பி காலியா வந்தா 120 யூனிட் வேணும், கையில 79 தான் இருக்கு, அதுல 20 சதவீதத்தை தொடக் கூடாதுன்னா தூத்துக்குடியில ஒரு 100 யூனிட் ஏத்தியே ஆகணும். ரிட்டர்ன்ல லோடு கிடைச்சா, அதாவது இறக்குமதி பஞ்சு பேலோ மரத்தடியோ ஏத்திட்டு வந்தா, 180 யூனிட்டுக்கு மேல ஏத்தணும். சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்னு கேட்டா, வேணும்கிற யூனிட்டை சார்ஜரோட கிலோவாட்டால வகுங்க, அவ்வளவு தான். 100 யூனிட்டை 60 கிலோவாட் சார்ஜர்ல ஏத்த ஒண்ணே முக்கால் மணி நேரம், 120 கிலோவாட்ல 50 நிமிஷம், 180 யூனிட்டை 120ல ஏத்த ஒண்ணரை மணி நேரம். 80 சதவீதத்துக்கு மேல போகப் போக சார்ஜ் பைய தான் ஏறும், அதனால வெளியூர்ல நூறு சதவீதத்துக்கு காத்திருக்காதீங்க.

துறைமுகத்துல கேட்டுக்கு வெளிய கண்டெய்னர் வண்டி எத்தனை மணி நேரம் நிக்கும்னு அந்த லைன்ல ஓடுறவங்களுக்கு சொல்ல வேணாம். டீசல் வண்டியில அந்த கியூவுல அடி அடியா நகர்த்தி நகர்த்தி இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும், டீசல் கரையும். எலக்ட்ரிக்ல நிக்கும்போது ஏசி ஓடுற கரண்ட் மட்டும் தான் போகும். 2025 அக்டோபருக்கு அப்புறம் தயாரிக்கிற பெரிய லாரி கேபின் எல்லாத்துலயும் ஏசி கட்டாயம் ஆயிருச்சு, சித்திரை வெயில்ல டீசல் வண்டியில ஏசிக்காக இஞ்சினை ஓட விட்டு நிக்கிறதை நெனச்சுப் பாருங்க.

இப்ப எல்லாரும் கேக்குற சென்னை. 460 கிலோமீட்டர், ஃபுல் லோடுல 660, 670 யூனிட். அப்ப வழியில ரெண்டு எடத்துல ஏத்தணும், திருச்சியில ஒண்ணு, விழுப்புரம் பக்கம் ஒண்ணு, தூரம் ஏறக்குறைய சரியா தான் பிரியுது, ஒவ்வொரு கட்டமும் 135ல இருந்து 165 கிலோமீட்டருக்குள்ள. ரெண்டு எடத்துலயும் 180, 240 கிலோவாட் சார்ஜர் லாரி நிக்கிற மாதிரி இருந்துச்சுன்னா ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மணி, ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சிரும். டிரைவர் எப்படியும் சாப்பிட்டு கண்ணசர வேண்டிய நேரம் அது. 1961ல வந்த மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டமே அஞ்சு மணி நேரம் ஓட்டுனா அரை மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு சொல்லுது, ஐரோப்பாவுல நாலரை மணி நேரத்துக்கு ஒரு தடவை 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும், அங்க தொலைதூர எலக்ட்ரிக் லாரி பிளான் எல்லாம் அந்த 45 நிமிஷத்தை வச்சு தான் போடுறாங்க. ஆனா நம்ம ஹைவேயில இன்னிக்கு கண்ணுல படுறது பெரும்பாலும் காருக்குன்னு வச்ச 30, 60 கிலோவாட் சார்ஜர். 60ல 400 யூனிட் ஏத்த ஆறே முக்கால் மணி நேரம். அந்த நேரத்துல டீசல் வண்டி சென்னையில லோடு இறக்கிட்டு டீ குடிச்சிக்கிட்டு இருக்கும். அதனால சென்னைக்கு இப்ப வேணாம், ஆனா நடக்காத காரியம்னு ஒதுக்காதீங்க. அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல இருந்தே 37 டன் மொத்த எடையோட 800 கிலோமீட்டர் போகும்னு சொல்லி டெஸ்லா செமி வண்டியை குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 2024ல உலகத்துல வித்த எலக்ட்ரிக் லாரி 90 ஆயிரத்துக்கு மேல, அதுல அஞ்சுல நாலு பங்கு சீனாவுல. அங்க சுரங்கம், துறைமுகம், இரும்பாலைன்னு ஒரே ரூட்டுல திரும்பத் திரும்ப ஓடுற வண்டியில தான் முதல்ல பிடிச்சுது, நெடுந்தூரம் அதுக்கப்புறம் வந்துச்சு.

சார்ஜரைப் பத்தி இன்னொரு விஷயம், கிலோவாட்டை விட இது முக்கியம். எடம். டெமோ அன்னைக்கு பைபாஸ்ல ஒரு ஹோட்டல்ல சார்ஜர் இருக்குன்னு மேப்ல பார்த்து உள்ள போனோம், சார்ஜர் என்னவோ நல்லா வேலை செய்யுது, ஆனா அதை வச்சிருந்தது கார் பார்க்கிங் மூலையில, மேல கூரை, முன்னாடி பூந்தொட்டி வரிசை. 40 அடி கண்டெய்னரோட டிரெய்லரை எப்படி திருப்புறது? கடைசியில டிரெய்லரை வெளிய கழட்டி விட்டுட்டு ஹெட்டை மட்டும் உள்ள கொண்டு போய் சார்ஜ் போட்டோம், அதுக்கே அரை மணி நேரம் போச்சு, திரும்ப மாட்ட இன்னொரு அரை மணி நேரம். அதனால நீங்க ரூட்டுல இருக்குற ஒவ்வொரு சார்ஜரையும் முதல்ல பைக்லயோ கார்லயோ போய் கண்ணால பாருங்க. ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் நேரா வெளியேற வழி இருக்கா, தரை டிரெய்லர் எடையை தாங்குற காங்கிரீட்டா வெறும் பேவர் பிளாக்கா, கேபிள் நீளம் லாரியோட சார்ஜிங் எடத்துக்கு எட்டுமா, ராத்திரி வாட்ச்மேன் இருப்பாரா, ஒரே சார்ஜர்ல ரெண்டு துப்பாக்கி (வண்டியில சொருகுற கேபிள் முனை) போட்டா பவர் பாதியா பிரிஞ்சிருமா. போர்டுல 120ன்னு போட்டிருக்கும், பக்கத்துல ஒரு கார் வந்து சொருகுன உடனே உங்களுக்கு 60 தான் வரும்.

என்னைக் கேட்டா உண்மையான தீர்வு சொந்த சார்ஜர் தான், ஏன்னு இப்ப வரப்போற கணக்கைப் பாருங்க. டீசல் டிரெய்லர் ஃபுல் லோடுல லிட்டருக்கு 3 கிலோமீட்டர், டீசல் 93 ரூபான்னு வச்சுக்குவோம், கிலோமீட்டருக்கு 31 ரூபா. எலக்ட்ரிக்ல சார்ஜ் ஏறும்போது வீணாகுறதையும் சேர்த்து கிலோமீட்டருக்கு ஒண்ணரை யூனிட்னு போடுவோம். சொந்த கனெக்‌ஷன்ல எல்லா செலவும் சேர்த்து யூனிட் 9 ரூபான்னா கிலோமீட்டருக்கு பதிமூணரை ரூபா, மிச்சம் பதினேழரை. வெளிய சார்ஜிங் ஸ்டேஷன்ல ஜிஎஸ்டியோட யூனிட் 18 ரூபா வாங்குனா கிலோமீட்டருக்கு 27 ரூபா, மிச்சம் வெறும் 4 ரூபா. அதே வண்டி, அதே ரோடு, சார்ஜ் போடுற எடம் மட்டும் தான் வேற.

இதை டியூவோட சேர்த்துப் பாருங்க. எலக்ட்ரிக் டிராக்டர் டீசலை விட ரெண்டு மடங்குக்கு மேல விலை. வித்தியாசம் 60 லட்சம்னு எடுத்துக்குவோம். மத்திய அரசோட பிஎம் இ-டிரைவ் திட்டத்துல ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் வரை மானியம் இருக்கு, அது முழுசா கெடச்சு கழிஞ்சா 50.4 லட்சம். 10 சதவீத வட்டியில அஞ்சு வருஷத்துக்கு மாசம் 1 லட்சத்து 7 ஆயிரம் கூடுதல் டியூ. தூத்துக்குடிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை போய் வந்தா 280 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னா 7,000 கிலோமீட்டர். பதினேழரை ரூபா மிச்சம்னா 1 லட்சத்து 22 ஆயிரம், கூடுதல் டியூ போக கையில கொஞ்சம் நிக்கும், ஆட்ப்ளூ (டீசல் புகையை சுத்தம் பண்ண ஊத்துற திரவம்), இஞ்சின் ஆயில், கிளட்ச் செலவு இல்லாதது வேற. அதே 4 ரூபா மிச்சம்னா மாசம் 28 ஆயிரம் தான், மீதி 79 ஆயிரம் உங்க பாக்கெட்ல இருந்து போகும். காலியா வர்ற டிரிப்ல டீசலும் குறையும் கரண்ட்டும் குறையும், அதனால மிச்சம் கொஞ்சம் கம்மியாகும், உங்க நோட்டுல இருக்குற நெஜமான மைலேஜை வச்சு திரும்ப போட்டுப் பாருங்க. ரெண்டு டிரைவர் போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு நடை அடிக்க முடிஞ்சா மாசம் 14,000 கிலோமீட்டர், அப்ப இந்த வண்டி பேச ஆரம்பிக்கும். எலக்ட்ரிக் லாரி சும்மா நின்னா நஷ்டம், ஓட ஓட லாபம், இது டீசல் ஓனர்களோட பழக்கத்துக்கு நேர் எதிர், நாம வாடகை கம்மின்னா வண்டியை செட்ல நிறுத்திட்டு காத்திருப்போம்.

மானியத்துல ஒரு கண்டிஷன், பழைய லாரியை ஸ்கிராப் பண்ண சர்டிபிகேட் வேணும். செட்ல ஒரு பழைய டாரஸ் லாரி கெடந்தா அதை தூக்கி எடைக்குப் போடாதீங்க, பதிவு பண்ணுன ஸ்கிராப் சென்டர்ல குடுத்து சர்டிபிகேட் வாங்குங்க. அந்த திட்டத்துல வர்ற வண்டிக்கு பேட்டரி வாரண்டி 5 வருஷம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், மோட்டாருக்கும் வண்டிக்கும் 5 வருஷம் அல்லது இரண்டரை லட்சம் கிலோமீட்டர்னு கம்பெனி குடுத்தே ஆகணும். ரெண்டு நடை அடிச்சா வருஷம் 1,68,000 கிலோமீட்டர், மோட்டார் வாரண்டி ஒண்ணரை வருஷத்துல தீந்துரும், பேட்டரி வாரண்டி மூணு வருஷம் கிட்ட வரும். விலை பேசும்போதே கூடுதல் வாரண்டியையும் சேர்த்துப் பேசுங்க, அப்புறம் பேசுனா நடக்காது. பேட்டரி எத்தனை சதவீதத்துக்கு கீழ போனா மாத்திக் குடுப்பாங்கன்னு எழுத்துல வாங்குங்க. பெர்மிட் தலைவலி ஒண்ணு இல்ல, 2018 அக்டோபர்லயே பேட்டரி வண்டிக்கு பெர்மிட் வேணாம்னு மத்திய அரசு அறிவிச்சிருச்சு. பச்சை பிளேட்ல மஞ்சள் எழுத்து. டோல் மட்டும் டீசல் மாதிரியே கட்டணும்னு வச்சு கணக்கு போடுங்க.

சொந்த சார்ஜருக்கு வருவோம். 120 கிலோவாட் சார்ஜர் வைக்கணும்னா ஈபியில அதுக்கு மின் லோடு கேக்கணும், அந்த அளவு லோடுக்கு பெரும்பாலும் ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்‌ஷன் தான், டிரான்ஸ்பார்மர் நாம வைக்கணும், யூனிட் காசு போக கேட்ட லோடுக்கு கேவிஏ கணக்குல மாசாமாசம் டிமாண்ட் சார்ஜ் தனி. ஒரே ஒரு வண்டிக்காக இதை பண்ணுனா டிமாண்ட் சார்ஜே தின்னுரும், நான் மேல சொன்ன 9 ரூபா 14 ஆயிரும். அதனால கப்பலூர் சிட்கோ பக்கமோ ரிங் ரோடு பக்கமோ செட் வச்சிருக்குற நாலஞ்சு ஓனருங்க ஒண்ணா சேர்ந்து ஒரு சார்ஜர் வைங்க, இல்ல ஏற்கனவே ஹெச்டி இருக்குற ஒரு மில்லு கிட்டயோ குளிர்பதன கிடங்கு கிட்டயோ போய் "அண்ணே உங்க லோடுல ராத்திரி மிச்சம் இருக்குறதை நாங்க எடுத்துக்குறோம்"னு பேசுங்க. சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க மின்சார லைசென்ஸ் வேணாம்னு 2018லயே மத்திய மின்துறை தெளிவுபடுத்திருச்சு, கனெக்‌ஷனும் பாதுகாப்பு விதியும் சரியா இருந்தா போதும். ஹெச்டியில காலையிலயும் சாயங்காலமும் பீக் நேரத்துக்கு ரேட்டு கூட, ராத்திரி பத்து மணிக்கு மேல சார்ஜ் போடுற மாதிரி டைம் செட் பண்ணிருங்க. குடோன் கூரை பெருசா இருந்தா சோலாரையும் யோசிங்க, 100 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமாரா 400 யூனிட் தரும், நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்.

சரக்கு எதுன்னும் பார்க்கணும். 282 யூனிட் பேட்டரி எடை மட்டுமே ரெண்டு டன் கிட்ட வரும், இஞ்சினும் கியர்பாக்ஸும் டேங்கும் இல்லாததைக் கழிச்சாலும் ஒரு டன்னாவது நீங்க ஏத்துற சரக்குல கொறையும். கோவில்பட்டி தீப்பெட்டி, நூல், துணி, அப்பளம் ஏத்துறவங்களுக்கு இது பிரச்சனையே இல்ல, அங்க எடம் ரொம்புறதுக்கு முன்னாடி எடை ரொம்பாது. மேலூர் கிரானைட் கல்லு, சிமெண்ட், நிலக்கரின்னா டன் கணக்குல வாடகை, அங்க ஒவ்வொரு டிரிப்லயும் ஒரு டன் வாடகை போகுதுன்னு நோட்டுல எழுதிக்கோங்க. ஓவர்லோடு அடிச்சு சரிக்கட்டலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ரேஞ்சும் போகும் டயரும் போகும்.

மலைப்பாதை ஓட்டுறவங்களுக்கு ஒரு சின்ன சூத்திரம் சொல்றேன். ஒரு டன்னை 1,000 மீட்டர் மேல தூக்க 2.7 யூனிட் வேணும், இது எந்த கம்பெனி வண்டின்னாலும் மாறாது. போடியில இருந்து போடிமெட்டுக்கு ஏத்தம் கிட்டத்தட்ட 1,000 மீட்டர். சரக்கோட 16 டன் வண்டின்னா தூக்குறதுக்கு மட்டும் 43 யூனிட், மோட்டார்ல வீணாகுறதையும் சேர்த்தா 50, அது ரோட்டுல ஓடுற யூனிட்டுக்கு மேல தனியா. எறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தி திரும்ப பேட்டரிக்கு வரும், இது டீசல் வண்டிக்கு கெடைக்காத வரம், பிரேக் ட்ரம் சூடாகி புகையிற பயமும் கொறையும். ஆனா உச்சியில நூறு சதவீதம் சார்ஜ் பண்ணிட்டு எறங்காதீங்க, பேட்டரியில எடம் இல்லேன்னா அந்த சக்தி போய் ஒக்கார எடம் இருக்காது, வண்டி இழுத்துப் பிடிக்கிறதும் கொறஞ்சிரும். 80 சதவீதத்தோட எறங்குங்க.

அப்புறம் காத்து. இதை வெளியூர்க்காரங்க யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஆனி, ஆடி, ஆவணியில மேற்கு மலைக் கணவாய் வழியா அடிக்கிற காத்து கயத்தாறு, எட்டயபுரம் கரிசக்காட்டுல கண்டெய்னர் வண்டியை பிடிச்சு ஆட்டும், கயத்தாறு பக்கம் அத்தனை காத்தாடி சும்மாவா நிக்குது. அந்த மாசங்கள்ல கிலோமீட்டருக்கு பத்து சதவீதம் கூட யூனிட் போகும்னு வச்சு பிளான் பண்ணுங்க. வேகத்தையும் கொறைங்க, 75ல போறதுக்கும் 60ல போறதுக்கும் மீட்டர்ல வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடி தெரியும்.

டிரைவர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இது தான் பெரிய விஷயம். எங்ககிட்ட இருபது வருஷமா ஓட்டுற அண்ணன் டெமோ வண்டியில ஏற மாட்டேன்னு நின்னாரு. "தம்பி, நடுரோட்டுல நின்னுச்சுன்னா டீசல்னா கேன்ல வாங்கி ஊத்திருவேன், இதுக்கு நான் எங்கிட்டு போவேன்?" நியாயமான கேள்வி. எப்படியோ பேசி ஓட்ட வச்சோம். பந்தல்குடி தாண்டி ஒரு தடவை காலு வலிக்குதான்னு கேட்டேன், "கிளட்சே இல்லையே தம்பி, வலிக்க என்ன இருக்கு, சத்தமும் இல்ல, பாட்டு கேட்டுக்கிட்டே போகலாம் போல"ன்னாரு. அவரு கேட்ட கேள்விக்கு பதிலை நீங்க வண்டி வாங்குறதுக்கு முன்னாடி எழுதி வச்சிருக்கணும். கம்பெனி சர்வீஸ் ஆளு மதுரையில இருக்காரா, இல்ல சென்னையில இருந்து வரணுமா, எத்தனை மணி நேரத்துல வருவாங்க, வண்டியை இழுக்கும்போது சக்கரம் சுத்தலாமா கூடாதா (பல வண்டியில சுத்தக் கூடாது, மோட்டார் கரண்ட் உண்டாக்கிரும்), கிரேன்காரருக்கு இது தெரியுமா. மைலேஜ் மிச்சத்துக்கு டீசல்ல இன்சென்டிவ் குடுக்குற மாதிரி யூனிட் மிச்சத்துக்கும் டிரைவருக்கு பேட்டாவோட சேர்த்துக் குடுங்க. சார்ஜ் ஏறுற நேரத்துல படுக்க ஃபேன் போட்ட ஒரு எடம், குளிக்க தண்ணி, இது ரெண்டும் இல்லேன்னா அவரு அந்த வண்டியை விட்டுட்டு போயிருவாரு, போனா தப்பு அவரு மேல இல்ல.

கடைசியா டெமோ. கம்பெனிக்காரங்க காலி டிரெய்லரை மாட்டி ரிங் ரோட்டுல ஒரு சுத்து சுத்திக் காட்டுவாங்க, அதை வச்சு முடிவு எடுக்காதீங்க. உங்க சரக்கு, உங்க ரூட்டு, உங்க டிரைவர், ஒரு வாரம் குடுங்கன்னு கேளுங்க, முடிஞ்சா ஆடியில கேளுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி எடைமேடையில போட்டு எடையை எழுதுங்க. எலியார்பத்தி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், துறைமுக கேட், ஒவ்வொரு எடத்துலயும் மீட்டர்ல எத்தனை சதவீதம்னு டிரைவர் அண்ணன் கையாலயே எழுதச் சொல்லுங்க, சார்ஜ் சொருகுன நேரம், எடுத்த நேரம், எத்தனை யூனிட், எத்தனை ரூபா, எல்லாம். ஆறு நாள் எழுதுன அந்த நோட்டை எடுத்துட்டு பைனான்ஸ் ஆபீஸ் போங்க.